‘நாளை’ எங்கே இருக்கிறது?

இலத்தீன் மொழியில் இன்றும் நாளையும் – ஒரு வரலாற்றுப் பார்வை



மளிகைக் கடைச் சுவரில் தொங்கும் ஒரு சின்னப் பலகையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று அதில் எழுதியிருக்கும். நான் சிறுவனாக இருந்தபோது அதை அப்படியே நம்பிவிட்டேன். மறுநாள் அம்மா கொடுத்த போத்தலைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், “நேத்து நாளைக்குக் கடன்னு எழுதியிருந்தீங்களே, எண்ணெய் குடுங்க” என்று கேட்டேன். கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். “தம்பி, பலகையை இன்னொரு தரம் படி. இன்னைக்கும் அதேதானே எழுதியிருக்கு!” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. நாளை என்பது வராத நாள். வந்துவிட்டால் அதற்கு இன்று என்று பெயர்!

கடைக்காரருக்குத் தெரிந்த இந்த உண்மை, 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த மக்களுக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் பேசிய மொழி இலத்தீன். இன்று எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு அந்த மொழியில் தாலாட்டுப் பாடுவதில்லை. ஆனாலும் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகள் அதன் வயிற்றில் பிறந்தவை. ஆங்கிலத்திலும் அதன் சொற்கள் ஏராளமாகக் கலந்துள்ளன. நம் வீட்டிலும் பள்ளியிலும் நாம் தினமும் வழங்கும் சில சொற்களே இலத்தீன் வழி வந்தவைதாம். இன்றையும் நாளையையும் பற்றி அம்மொழியார் என்ன சொன்னார்கள் என்பதைச் சற்றே பார்ப்போம்.

கலண்டரும் கடனும்

நம் வீட்டுச் சுவரில் கலண்டர் தொங்குகிறது. அந்தச் சொல்லின் கதை சுவையானது. ரோமர்கள் ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளையும் ‘கலெண்டே’ என்று அழைத்தார்கள். அந்த நாளில்தான் கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று எழுதி வைத்த கணக்குப் புத்தகத்திற்குக் ‘கலெண்டாரியம்’ என்று பெயர். அந்தச் சொல்தான் உருமாறிக் கலண்டர் ஆயிற்று. ஆக, நாம் நாள் பார்க்கும் கலண்டர் ஒரு காலத்தில் கடன் புத்தகத்தின் பெயர்!

ரோமாபுரியின் முதல் பேரரசர் அகஸ்டஸ் (கி.மு. 63 – கி.பி. 14) வேடிக்கையாகப் பேசக்கூடியவர். கடனைத் திருப்பித் தரவே மாட்டார்கள் என்று தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது, ‘அவர்கள் கிரேக்கக் கலெண்டே அன்று தருவார்கள்’ என்பாராம். அவர் வரலாற்றை எழுதிய சுவிட்டோனியஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். கிரேக்கர்களுடைய மாதங்களில் கலெண்டே என்று ஒரு நாளே கிடையாது. ‘பிப்ரவரி 30ஆம் தேதி தருகிறேன்’ என்று நாம் கேலியாகச் சொல்வது போலத்தான் இது. நம் கடைக்காரரின் பலகையும் பேரரசரின் கேலியும் ஒன்றையே சொல்கின்றன அல்லவா?

இன்னும் இரண்டு சொற்களைப் பாருங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ‘அஜெண்டா’ என்கிறோமே, அது நேரடி இலத்தீன். ‘செய்ய வேண்டியவை’ என்று பொருள். பேச வேண்டியவை என்று பொருள் இல்லை என்பதைச் சங்கத்தார் கவனிக்கவும்! மாணவர்கள் எழுதும் ‘டைரி’ என்ற சொல் ‘டியாரியம்’ என்பதிலிருந்து வந்தது. முதலில் அது அடிமைகளுக்கும் படைவீரர்களுக்கும் அளந்து கொடுத்த அன்றாடப் படியைக் குறித்தது. நாள் நாளாக எழுதும் குறிப்பேட்டுக்கும் அதே பெயர் வந்தது.

‘ஹோடியே’, ‘கிராஸ்’

இலத்தீனில் இன்று என்பதற்கு ‘ஹோடியே’ என்பர். ‘இந்த நாளில்’ என்ற பொருளுடைய இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு பிறந்த சொல் இது. தமிழிலும் அப்படித்தான். இவன், இது, இங்கே என்று பக்கத்தில் இருப்பதைச் சுட்டும் ‘இ’ என்ற எழுத்தே ‘இன்று’ என்பதன் தலையிலும் நிற்கிறது. எந்த மொழியாய் இருந்தால் என்ன, ‘இன்று’ என்பது கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது.

நாளை என்பதற்குக் ‘கிராஸ்’ என்பர். இதற்கு முன்னால் ‘புரோ’ என்ற ஒட்டைச் சேர்த்து, ‘நாளைக்குத் தள்ளிப்போடுதல்’ என்ற பொருளில் ‘புரோகிராஸ்டினாரே’ என்று ஒரு வினைச்சொல்லை உண்டாக்கினார்கள். ஆங்கிலத்தில் இன்றும் ‘புரோகிராஸ்டினேஷன்’ என்ற சொல் வழங்குகிறது. வாயில் நுழையவே கஷ்டமான சொல். ஆனால் செய்வதற்கு அதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் இல்லை!

இந்தத் தள்ளிப்போடும் குணத்தை நடுச்சந்தியில் நின்று கண்டித்தவர் சிசரோ. ரோமாபுரியின் ஒப்பற்ற பேச்சாளர். கி.மு. 44 மார்ச் 15ஆம் நாள் ஜூலியஸ் சீசர் கொலையுண்ட பிறகு நாட்டில் குழப்பம் மூண்டது. ஆண்டனி என்ற தளபதி படையோடு வடக்கே ஒரு நகரை முற்றுகையிட்டிருந்தார். உடனே அவரை எதிர்க்க வேண்டும் என்று சிசரோ வாதாடினார். செனட் சபையாரோ கி.மு. 43 ஜனவரியில் பல நாள் பேசி, முதலில் தூதர்களை அனுப்பிப் பார்ப்போம் என்று முடிவு செய்தனர். அந்த முடிவை மக்களுக்கு அறிவிக்க வந்த சிசரோ, காரியம் ஆற்றுவதில் தாமதமும் தள்ளிப்போடுதலும் வெறுக்கத்தக்கவை என்று மேடையிலேயே கண்டித்தார். ‘புரோகிராஸ்டினேஷன்’ என்பதன் இலத்தீன் மூலச் சொல்லையே அந்தப் பேச்சில் கையாண்டார்.

தூதர் போனார்கள். ஒருவர் வழியில் நோயால் இறந்தார். ஆண்டனி இணங்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அதே ஆண்டனி வேறு இருவரோடு கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார். கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியலில் சிசரோவின் பெயரும் ஏறியது. தப்பி ஓடும்போது, போவதா திரும்புவதா என்று அவரே தயங்கித் தடுமாறினார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 43 டிசம்பர் 7ஆம் நாள் சிசரோ கொல்லப்பட்டார். தாமதத்தைக் கண்டித்தவரையே தயக்கம் விட்டுவைக்கவில்லை. சொல்வது எளிது, செய்வதுதான் அரிது.

பின் சக்கரத்தின் கதை

மார்ஷியல் என்றொரு கவிஞர் முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்தார். குத்தலாகச் சிறு பாடல்கள் எழுதுவதில் வல்லவர். ‘நாளைமுதல் நன்றாக வாழப் போகிறேன்’ என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்த ஒருவனை அவர் ஒரு பாட்டில் மடக்குகிறார். அந்த நாளை எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், தொலைதேசத்தில் ஒளிந்திருக்கிறதா, விலைக்கு வாங்குவதென்றால் என்ன விலை என்று கேள்விமேல் கேள்வியாய் அடுக்குகிறார். பதில் சொல்ல அவனுக்கு வாய் இல்லை. நமக்கும் இல்லை.

இவருக்குச் சற்று முன் வாழ்ந்த பெர்சியஸ் (கி.பி. 34 – 62) என்ற கவிஞர் சொன்ன உவமை இன்னும் அழகானது. வண்டியின் பின் சக்கரத்தைப் பாருங்கள். முன் சக்கரம் கண்ணெதிரேதான் சுழல்கிறது. இரண்டும் ஒரே வண்டியில்தான் பூட்டியிருக்கின்றன. ஆனால் பின் சக்கரம் எவ்வளவு உருண்டாலும் முன் சக்கரத்தைப் பிடிக்க முடியுமா? நாளையை நம்பி இருப்பவன் அந்தப் பின் சக்கரம் என்றார் அவர். சைக்கிளில் பள்ளிக்கு வரும் மாணவர்கள் இன்று வீட்டுக்குப் போகும்போது இதை நினைத்துப் பார்க்கலாம்.

பெர்சியஸ் 27 வயதிலேயே இறந்துவிட்டார். நாளையை நம்பாதே என்றவருக்கு நாளைகள் குறைவாகவே கிடைத்தன. இந்த உவமை வரும் பாடலை அவர் தம் ஆசிரியர் கொர்னூட்டஸ் அவர்களை விளித்தே பாடினார். இறக்கும்போது தம் நூல்களையும் பெருந்தொகையையும் ஆசிரியருக்கே எழுதி வைத்தார். ஆசிரியர் நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பணத்தைப் பெர்சியஸின் சகோதரிகளிடமே விட்டுவிட்டார். மாணவனும் பெரியவன், ஆசிரியரும் பெரியவர்! பரிசளிப்பு விழா நாளில் நினைக்கத் தக்க செய்தி இது.

காக்கை என்ன சொல்கிறது?

நம் காதுக்குக் காக்கை ‘கா, கா’ என்று கரைகிறது. விருந்தாளி வரப்போகிறார் என்கிறோம். இலத்தீன் பேசியவர்கள் காதுக்கோ அது ‘கிராஸ், கிராஸ்’ என்று கேட்டது. அதாவது, ‘நாளைக்கு, நாளைக்கு’!

இந்தக் காக்கையைத் தம் பிரசங்கங்களில் அழகாகப் பயன்படுத்தியவர் புனித அகுஸ்தினார். கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டில் பிறந்தவர். திருந்துவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவன் காக்கையின் குரலில் பேசுகிறான் என்று அவர் மக்களை எச்சரித்தார். நோவாவின் பேழையிலிருந்து வெளியே விட்ட காக்கை திரும்பவில்லை, புறாதான் திரும்பியது என்ற வேதாகமக் கதையையும் சேர்த்துச் சொன்னார்.

ஊருக்கு மட்டும் அவர் இதை உபதேசிக்கவில்லை. தாமும் பல காலம் அப்படி இருந்தவர்தாம். கி.பி. 386இல் மிலான் நகரில் ஒரு தோட்டத்து மரத்தடியில் விழுந்து, எத்தனை நாளைக்குத்தான் நாளை நாளை என்று சொல்வேன், ஏன் இப்பொழுதே ஆகக்கூடாது என்று தேம்பி அழுததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஐரோப்பாவில் சில பழைய கல்லறைகளில் ‘ஹோடியே மிஹி, கிராஸ் டிபி’ என்று பொறித்திருக்கும். ‘இன்று எனக்கு, நாளை உனக்கு’ என்று பொருள். மரணம் மட்டும் நாளை என்று சொன்னால் சொன்னபடி வந்து நிற்கும் என்பதை அந்தக் கல் நினைவூட்டுகிறது.

நாளைப் பறித்துக்கொள்

இலத்தீன் முதுமொழிகளில் உலகப் புகழ் பெற்றது ‘கார்ப்பே டியெம்’ என்பது. கவிஞர் ஹோரஸ் (கி.மு. 65 – கி.மு. 8) தந்த தொடர் இது. கி.மு. 23இல் வெளியான அவருடைய பாடல் தொகுதியில் உள்ளது. ‘நாளைப் பறித்துக்கொள்’ என்று பொருள். இங்கே ‘நாளை’ என்பது மறுநாள் இல்லை. ‘நாளினை’, அதாவது இந்த நாளை! தமிழின் குறும்பைப் பார்த்தீர்களா? ஒரே சொல் இரண்டு வேடம் போடுகிறது.

இதைப் ‘பிடித்துக்கொள்’ என்று பலர் மொழிபெயர்ப்பார்கள். ஆனால் ‘கார்ப்பே’ என்பது பழம் பறிப்பதற்கும் பூக் கொய்வதற்கும் வழங்கிய சொல். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பதமாக இருக்கும்போதே கிள்ள வேண்டும். நாலு நாள் விட்டால் கொழுந்து முற்றிவிடும். அப்புறம் ஆளில்லை, நேரமில்லை என்று சொல்லி என்ன பயன்?

‘தின்று குடித்துக் கூத்தாடு’ என்பதுதான் இதன் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தப் பாட்டில் மதுவும் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டு தொடங்குவது வேறோர் அறிவுரையோடு. பாபிலோனியர் எண்களைக் கொண்டு சோதிடக் கணக்குப் போட்டு, நமக்கு எத்தனை ஆயுள் என்று துருவாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்கிறார் கவிஞர். எண்ணை நம்பி நாளையைத் தேடுகிறவர்கள் அன்றும் இருந்தார்கள். சம்பளம் வாங்கிய கையோடு நம்பர் எடுக்க ஓடும் நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த ஹோரஸ் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? அவருடைய தகப்பனார் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். சிறிய நிலம் ஒன்று வைத்திருந்தார். ஏலத்தில் பணம் வசூலிக்கும் வேலை பார்த்தார். ஊர்ப் பள்ளியோடு மகன் படிப்பை நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. செனட் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் படிப்பைத் தம் பிள்ளையும் படிக்கட்டும் என்று துணிந்து ரோமாபுரிக்கே அழைத்துப் போனார். வேலைக்காரனை அனுப்பாமல், ஒவ்வோர் ஆசிரியர் வீட்டுக்கும் தாமே கூடப் போய்க் காவலாக இருந்தார். படித்துவிட்டு மகன் தம்மைப் போல வசூல் வேலைக்கே போனாலும் வருத்தமில்லை என்று இருந்தாராம். பிற்காலத்தில் பேரரசருக்கே நண்பரான ஹோரஸ், இந்தத் தந்தையைப் பற்றி வெட்கப்படாமல் பாடினார். மீண்டும் பெற்றோரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் இவர்களையே கேட்பேன் என்றார்.

அகுஸ்தினாரின் தகப்பனாரும் வசதி இல்லாதவர்தாம். மகனுக்குப் 16 வயதானபோது பணம் இல்லாமல் படிப்பு ஓராண்டு நின்றது. தம் சக்திக்கு மீறி அவர் பணம் சேர்த்தார். கார்த்தேஜ் நகரில் மகன் மேற்படிப்புப் படித்தார்.

இன்னொரு ‘நாளை’

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். நாளையை நம்பாதே என்கிறார்கள். ஆனால் இந்தத் தகப்பன்மார் பாடுபட்டதெல்லாம் நாளைக்காகத்தானே? இது முரண் இல்லையா?

இதற்கும் சிசரோவே விடை தருகிறார். கி.மு. 44இல், தமக்கு 60 வயது தாண்டிய பிறகு, முதுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு கிழ உழவன் வருகிறான். அவன் மரக்கன்று நடுகிறான். அது பலன் தரும்போது தான் இருக்க மாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். யாருக்காக நடுகிறாய் என்று கேட்டால், தெய்வங்களுக்காக என்பான். முன்னோர் தந்ததை வாங்கிக்கொள்வது மட்டும் இல்லை, பின்னோருக்குக் கொடுத்துவிட்டுப் போவதும் தெய்வக் கட்டளை என்பான். இதுவே சிசரோ சொல்வது.

ஆகவே நாளை இரண்டு வகை. ஒன்று, தள்ளிப்போடும் நாளை; மற்றொன்று, நட்டு வைக்கும் நாளை. முன்னதற்கு இன்று ஒரு வேலையும் இல்லை. பின்னதற்கு இன்றே குழி வெட்ட வேண்டும். ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட 5 முதல் 7 வருடம் ஆகும் என்பதைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நட்டவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் அன்றைய தினமே நட்டார்கள்.

என் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் தோட்டத்தில் பெரியவர்களுக்கு இரவு வகுப்பு நடந்தது. வாத்தியார் லயத்துக்கே வந்து கூப்பிடுவார். “நாளைக்குக் கட்டாயம் வரேன் சார்” என்பார் அப்பா. விடியாத நேரத்தில் பிரட்டுக்குப் போய், காண்டா விளக்கு வெளிச்சத்தில் மரம் வெட்டியவர்; சாயங்காலம் ஓய்ந்து போவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த நாளை வரவே இல்லை. கடைசியில் சேமநிதி பாரத்தில் அவர் கைநாட்டுத்தான் வைத்தார். மை பட்ட கட்டை விரலை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆனால் அதே மனிதர், என் பள்ளிக்கூட விஷயத்தில் ஒரு நாள்கூட நாளைக்கு என்று சொன்னதில்லை. மழை பெய்தாலும், மரம் வெட்ட முடியாமல் சம்பளம் குறைந்தாலும், “இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டுதானே? கிளம்பு” என்பார். தமக்கென்றால் தள்ளிப்போடும் நாளை. பிள்ளைக்கென்றால் நட்டு வைக்கும் நாளை. அவர் நட்ட கன்றுதான் இன்று இந்த மலரில் எழுதுகிறது.

இழந்த நாள்

முடிவாக ஒரு பேரரசரின் கதை. கி.பி. 79 முதல் 81 வரை ஆண்டவர் டைட்டஸ். இளமையில் ஜெருசலேம் நகரை அழித்த படைக்குத் தலைமை தாங்கியவர். ஆட்சிக்கு வந்த பின் அவர் மாறினார் என்கிறார்கள். ஒரு நாள் இரவு உணவின்போது, அன்று முழுவதும் யாருக்கும் ஒரு நன்மையும் செய்யவில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. உடனே நண்பர்களைப் பார்த்து, இன்று ஒரு நாளை இழந்துவிட்டேன் என்று வருந்தினார். அவர் ஆண்டதே இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும்தாம். அதில் ஒரு நாள் போனதற்கு வருந்தினார் என்றால், நாம் இழந்த நாள்களுக்கு எவ்வளவு வருந்த வேண்டும்!

மாணவமணிகளே, இன்று மேடையேறிப் பரிசு வாங்குபவர்கள், போன வருடம் பல ‘இன்று’களைச் சரியாகப் பறித்தவர்கள். பரிசு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். இன்றிரவே புத்தகத்தைத் திறந்தால் உங்கள் கன்றும் நட்டாயிற்று. பெற்றோர்களே, பிள்ளையின் பிறப்புப் பத்திரமோ, முதலாம் ஆண்டுப் பதிவோ, பள்ளியிலிருந்து வந்த கடிதத்துக்குப் பதிலோ, எதுவாக இருந்தாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று அலமாரிமேல் வைக்காதீர்கள். வெளியே காக்கை கரைந்தால் அது என்ன சொல்கிறது என்பது இனி உங்களுக்குத் தெரியும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!